செம்பூரில் உயிரோடு இருந்தவருக்கு வாங்கிய மாலை

பிள்ளைகளே,

இதை உங்கள் இரண்டு பேருக்காகவும் எழுதுகிறேன். மகளே, நீ எழுத்துக் கூட்டியாவது தமிழ் வாசித்துவிடுவாய். தம்பிக்கு நீயே வாசித்துக் காட்டு. அவன் பாதியில் எழுந்து மொபைலைத் தேடினால் சட்டையைப் பிடித்து உட்கார வை. நான் ஒன்பதாவது வரை படித்தவன். எழுத்தில் பிழை இருந்தால் உங்கள் அம்மாவிடம் காட்டிச் சிரிக்காதீர்கள். அவள் ஏற்கனவே என்னைப் பார்த்துச் சிரித்துக்கொண்டுதான் இருக்கிறாள்.

போன வாரம் தம்பி கணக்குப் பரீட்சைத் தாளை மெத்தைக்கு அடியில் வைத்துவிட்டு, டீச்சர் இன்னும் கொடுக்கவில்லை என்றான். நான் கோபப்பட்டு, பொய் சொல்லக் கூடாது என்று நீளமாகப் பேசினேன். அவன் எல்லாவற்றையும் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நீங்க மட்டும் மாட்டுங்கா தாத்தாகிட்ட டெய்லி பொய் சொன்னீங்கல்ல? அதுக்குத்தான பகார் குடுத்தாங்க?" என்றான். சம்பளத்தை அவன் பகார் என்றுதான் சொல்லுவான். உங்கள் அம்மா அடுப்படியில் திரும்பி நின்றுகொண்டாள். தோள் குலுங்கியது. அழுகிறாள் என்று நான் நினைக்கவில்லை.

அவன் கேட்டதற்காக நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

என் வேலையைப் பற்றிப் பள்ளிக்கூடத்தில் கேட்டால் 'ஆஸ்பத்திரி வேலை' என்று சொல்கிறீர்களாம். சொல்லிக்கொள்ளுங்கள். உண்மையில் நான் வீடுகளுக்குப் போய் முடியாத வயதானவர்களைப் பார்த்துக்கொள்கிறவன். ஏஜென்சி கொடுத்த அட்டையில் 'வார்டு பாய்' என்று இருக்கிறது, நாற்பத்தாறு வயதில் பாய். காலை எட்டு மணிக்குப் போனால் ராத்திரி எட்டு மணிக்கு விடுவார்கள். குளிப்பாட்டுவது, பிரஷர் பார்ப்பது, மாத்திரை கொடுப்பது, டயப்பர் மாற்றுவது, புண் வராமல் முதுகுக்கு எண்ணெய் தடவுவது, நகம் வெட்டுவது எல்லாம் என் வேலை. இதில் எதுவும் கஷ்டம் இல்லை, பழகிவிடும். ஏஜென்சியில் பழக்காத வேலை ஒன்று உண்டு. மாட்டுங்கா வீட்டில் முதல் நாளே அது என் தலையில் விழுந்தது.

இரண்டு வருடத்துக்கு முன்னால், மழைக்காலம் முடிகிற சமயம். அந்த வீட்டுப் பெரியவரை எல்லோரும் போல நானும் மாமா என்றுதான் கூப்பிடுவேன். வயது எண்பது. நடை தளர்ந்துவிட்டது, வீல்சேர். ஞாபகம் மட்டும் ஓட்டை வாளியில் தண்ணீர் மாதிரி. அவருடைய மகள், நான் அக்கா என்பேன், கல்யாணம் செய்துகொள்ளாதவர். வீட்டிலேயே கம்ப்யூட்டர் வைத்து ஆபீஸ் வேலை பார்ப்பவர். முதல் நாள் அவர் என்னைச் சமையலறைக்குள் கூட்டிக்கொண்டு போய் கதவைச் சாத்தினார்.

"எங்கம்மா போய் ஒரு மாசம் ஆறது. அப்பா பக்கத்துலயேதான் இருந்தார். காரியமெல்லாம் அவர் கையாலதான் பண்ணினார். எல்லாம் முடிஞ்ச மறுநாள் காலம்பற எழுந்து, அம்மா எங்கேன்னு கேட்டார்."

"நீங்க என்னக்கா சொன்னீய?"

"நெஜத்தைச் சொன்னேன். அப்போதான் கேக்கறா மாதிரி அழுதார். சாப்பிடல. மறுநாள் திரும்பக் கேட்டார். திரும்பச் சொன்னேன். நாலு நாள்ல எங்கம்மா நாலு தடவை செத்தா. அஞ்சாவது நாள் என்னால முடியல. கோயிலுக்குப் போயிருக்கான்னு சொல்லிட்டேன்." அக்கா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டார். "இனிமே நீங்களும் அப்படித்தான் சொல்லணும். அவர் காதுல நெஜம் விழுந்தா, அன்னிக்கே நீங்க கெளம்பிடலாம்."

ஹாலில் மாட்டியிருந்த மாமியின் படத்தையும் கழற்றி, டவலில் சுற்றி, அலமாரி மேல்தட்டில் வைத்திருந்தார்கள். சுவரில் ஆணி மட்டும் இருந்தது. பெட்ஷீட் எடுக்கும்போது அந்தப் பொட்டலத்தைத் தொட வேண்டாம் என்று அக்கா சொல்லியிருந்ததால் நான் தொட்டதில்லை. ஆகவே பிள்ளைகளே, நான் முகம்கூடப் பார்த்திராத ஒரு அம்மாவைப் பற்றித்தான் தினமும் பொய் சொன்னேன்.

இது சுலபமான இடமாக இருந்திருந்தால் கதையே இல்லை. மாமா வேலை பார்த்தது ஒரு இன்சூரன்ஸ் கம்பெனியில், டெத் கிளெய்ம் விசாரிக்கிற வேலை. அதாவது, இன்னார் இறந்துவிட்டார் என்று குடும்பத்தார் எழுதிப்போட்டால், இவர் நேரில் போய், அந்த ஆள் நிஜமாகவே இறந்தாரா, எப்போது, எப்படி, யார் பார்த்தார்கள் என்று விசாரித்துவிட்டு வருவார். காட்கோபர், மான்குர்த், டிராம்பே என்று மும்பை முழுக்க முப்பது வருடம் சாவு வீடாக ஏறி இறங்கிய மனுஷன். அவரிடம்தான் நான் ஒரு சாவை மறைக்க வேண்டும்.

முதல் நாளே மாட்டிக்கொண்டேன்.

"அவ எங்கப்பா?"

"கோயிலுக்குப் போயிருக்காவ மாமா."

"எந்தச் செருப்பு போட்டுண்டு போனா?"

வாசலைப் பார்த்தேன். மாமியின் செருப்பு அங்கேயே இருந்தது, சின்ன நீல வார்ச் செருப்பு.

"வெறுங்கால்லதான் மாமா. வேண்டுதலாம்."

"முட்டி வலிக்கறதுன்னு பாத்ரூமுக்கே சுவரைப் பிடிச்சுண்டு போறவ, வெறுங்கால்ல கோயிலுக்குப் போனாளா? என்ன வேண்டுதல்?"

"முட்டி வலி சரியாகணும்னு மாமா."

அவர் என்னை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு எத்தனை பேர் உண்மையைக் கக்கியிருப்பார்களோ. நல்லவேளை, அதற்குள் மறந்துவிட்டார்.

அன்றிலிருந்து நானும் அக்காவும் ஒரு ஏற்பாடு செய்துகொண்டோம். பிரஷர் எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில், இன்றைக்கு மாமி எங்கே என்று காலையில் எழுதி வைப்பது. இரண்டு பேரும் ஒன்றையே சொல்ல வேண்டும். திங்கள் கோயில், செவ்வாய் மார்க்கெட், புதன் தங்கை வீடு. வெளிநாட்டில் இருக்கும் மகனுக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவோம். அவர் அதைப் பார்க்காமல் ஒருநாள் வீடியோவில், "அம்மா காசிக்குப் போயிருக்காப்பா" என்று சொல்லிவிட்டார். மாமா உடனே என் பக்கம் திரும்பி, "காலம்பற மார்க்கெட்டுன்னு சொன்னே. கத்திரிக்கா வாங்கக் காசிக்கா போனா?" என்று கேட்டார். காலையில் சாப்பிட்டது ஞாபகம் இருக்காது. இது மட்டும் இருக்கும்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். மாமியைப் பற்றி அவர் கேட்ட கேள்விகளிலிருந்தே எனக்கு மாமியைத் தெரிந்துவிட்டது. காபியில் சர்க்கரையை அரைக் கரண்டி குறைத்துப் போட்டுவிட்டு முழுக் கரண்டி என்று சொல்லுவார். பஸ்ஸில் ஜன்னல் சீட் கிடைக்காவிட்டால் அடுத்த பஸ்ஸுக்கு நிற்பார். யாரோடும் சண்டை போடமாட்டார், ஆனால் காய்கறிக்காரர் மாமியைக் கண்டால் தராசைத் துடைத்து வைப்பார். அவரை நான் அனுப்பாத இடம் கிடையாது. உயிரோடு இருந்தபோது அந்த அம்மா மும்பையில் இவ்வளவு சுற்றியிருக்க மாட்டார்.

மூன்றாவது மாதம் ஒருநாள் என் சரக்குத் தீர்ந்துவிட்டது. அக்கா ஒரு ஆபீஸ் மீட்டிங்கில் கதவைச் சாத்திக்கொண்டு இருந்தார். நோட்டில் எதுவும் எழுதவில்லை. மாமா கேட்டார்: "அவ எங்கப்பா?"

"துக்கம் கேக்கப் போயிருக்காவ மாமா."

எங்கள் ஊரில் துட்டிக்குப் போவது என்போம். நான் அதைச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நம் ஆட்களில் ஒரு பெண் வீட்டில் யாரையும் கேட்காமல் கிளம்பிப் போகக்கூடிய இடம் அது ஒன்றுதான். எப்போது திரும்பி வருவாய் என்று கேட்க முடியாது. போன் போட்டுக் கூப்பிடவும் முடியாது. சாயங்காலம் வரைக்கும் தாங்கும். இவ்வளவையும் யோசித்த நான், துக்கம் என்றால் செத்தவர் ஒருவர் வேண்டுமே என்பதை யோசிக்கவில்லை.

"யாரு போனா?"

எதிர்ச் சுவரில் மாமா ரிட்டையர் ஆன அன்று ஆபீஸில் எடுத்த படம் இருந்தது. பழுப்பேறிப்போன படம். அதில் மாமாவைத் தவிர மற்றவர்கள் எல்லாம் போய்ச் சேர்ந்திருப்பார்கள் என்று நானே முடிவு செய்துகொண்டேன். மாமாவுக்குப் பக்கத்தில் பெரிய மீசையோடு ஒருவர் நின்றார்.

"அந்தா உங்க பக்கத்துல நிக்காரே மாமா, மீசைக்காரர். அவருதான்."

மாமாவின் முகம் இறங்கிவிட்டது. "அவனா? செம்பூர்ல இருந்தானே... எப்போ?"

"நேத்து ராத்திரி."

"மணி?"

"பதினொண்ணு இருக்கும்."

"எப்படி?"

"நெஞ்சு வலி."

"எந்த டாக்டர் பாத்தார்?"

"அது மாமி வந்தாத்தான் தெரியும்."

"பேனா குடு" என்றார்.

நான் கொடுத்திருக்கக் கூடாது. காலண்டர் தாளின் பின்புறத்தில், வாயால் தமிழில் சொல்லிக்கொண்டே இங்கிலீஷில் எழுதினார்: "செம்பூர் சிநேகிதன். நேத்து ராத்திரி பதினொண்ணு. நெஞ்சு வலி. டாக்டர் பேர் தெரியல. நேர்ல போய் விசாரிக்கணும்." கையெழுத்துப் போட்டு, நாலாக மடித்து, சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். இட்லித் தட்டைத் தள்ளிவிட்டார். "சிநேகிதன் போயிட்டான், நான் இட்லி திங்கவா?" மாத்திரைக்கும் வாயைத் திறக்கவில்லை.

மீட்டிங் முடிந்து வந்த அக்கா, மாமா புலம்பியதைக் கேட்டுவிட்டு என்னைச் சமையலறைக்குள் தள்ளினார்.

"யாரைக் கொன்னேள்?"

"அந்த மீசைக்காரரை அக்கா."

"ஐயோ! அவர் இருக்கார்! போன வாரம்கூட போன் பண்ணினார். தெனம் காலம்பற பார்க்ல நாலு ரவுண்டு நடக்கறார்!"

அக்காதான் சமாளித்தார். "சரி, விடுங்கோ. அரை மணியில மறந்துடுவார்."

மறந்துதான் போனார். ஆனால் மறந்த பிறகு கை சட்டைப் பைக்குப் போகும். தாளை எடுத்துப் படிப்பார். "ஐயோ, அவன் போயிட்டானா!" என்று புதிதாக அலறுவார். பத்து மணிக்குள் மூன்று தடவை செம்பூர்க்காரர் இறந்துபோனார். சட்டை மாற்றுகிற சாக்கில் தாளை எடுக்கப் பார்த்தேன். "ஆதாரத்துல கை வெக்காதே" என்று கையைத் தட்டிவிட்டார். மூன்றாவது தடவை பிரஷர் பார்த்தபோது எண் எனக்கே பிடிக்கவில்லை. பிரஷர் மாத்திரை டப்பாவிலேயே கிடந்தது. அக்காவிடம் நோட்டைக் காட்டினேன். அவர் செம்பூருக்குப் போன் போட்டார்.

ஸ்பீக்கரில் அந்தப் பக்கம் பெரிய சிரிப்பு. "நானா? எப்போ?"

"நேத்து ராத்திரி பதினொண்ணு மணிக்கு மாமா. மன்னிச்சுக்கோங்கோ."

"பதினொண்ணுக்கு நான் கிரிக்கெட்னா பாத்துண்டிருந்தேன்! அவன்கிட்ட குடு." பிறகு சத்தமாக, "டேய், நான்தாண்டா, உயிரோடதான் இருக்கேன்!"

மாமா போனை ஒரு முழம் தள்ளிப் பிடித்தார். "நீங்க யாரு பேசறேள்?"

"நான்தாண்டா!"

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவா. குரலைக் கேட்டு நான் எந்தக் கிளெய்மையும் முடிச்சதில்ல."

வீடியோ போட்டுக் காட்டினோம். "இது எப்போ எடுத்த படமோ" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கடைசியில் செம்பூர்க்காரர்தான் சொன்னார்: "அழைச்சுண்டு வாங்கோ. நான் குளிச்சு, நல்ல சட்டை போட்டுண்டு ரெடியா உக்காந்திருக்கேன்."

டாக்ஸி வந்தது. வீல்சேரை மடித்து டிக்கியில் வைத்து, மாமாவைப் பின்சீட்டில் என் தோளோடு சாய்த்து உட்கார வைத்தேன். அக்கா முன்னால். தெரு முனையில் பூக்கடைகளைப் பார்த்ததும் மாமா என்னைக் கேட்டார்: "உங்க பக்கத்துல துக்க வீட்டுக்கு என்ன கொண்டு போவேள்?"

மூன்று மாதத்தில் அவர் கேட்டு நான் பொய் யோசிக்கத் தேவையில்லாத கேள்வி அது ஒன்றுதான். சந்தோஷமாகச் சொல்லிவிட்டேன்: "மாலை மாமா. வெறுங்கையோட போகமாட்டோம்."

"அப்போ வாங்கு."

"அப்பா, நம்மாத்துல அந்த வழக்கம் கிடையாது" என்றார் அக்கா.

"செத்ததைச் சொன்னவன் இவன். இவன் வழக்கப்படியே போகட்டும்."

சம்பங்கியும் ரோஜாவும் வைத்து ஆள் உயரத்துக்கு ஒரு மாலை வாங்கினேன். நம் பழக்கம், சின்னதாகக் கேட்க வாய் வரவில்லை. டிரைவர் கண்ணாடியில் பார்த்துவிட்டு, "ஷாதி மே ஜா ரஹே ஹோ?" என்று கேட்டார், கல்யாணத்துக்கா என்று. அக்கா, "சலோ பையா" என்று மட்டும் சொன்னார், வண்டியை எடுங்க என்று. சயான் தாண்டுவதற்குள் மாமா இரண்டு தடவை தாளை எடுத்துப் படித்தார்.

செம்பூரில் தரைத்தளத்து வீடு. அவருடைய மருமகள் கதவைத் திறந்து ஒதுங்கி நின்றார். செம்பூர்க்காரர் ஹால் நடுவில் நாற்காலி போட்டு, இஸ்திரி போட்ட வெள்ளைச் சட்டையில், நெற்றியில் விபூதியோடு, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி விறைப்பாக உட்கார்ந்திருந்தார். மீசை இல்லை.

மாமா வீல்சேரை அவருக்கு முன்னால் கொண்டுபோய் நிறுத்தச் சொன்னார். முழங்கால் முழங்காலைத் தொடுகிற தூரம்.

"மீசை எங்க?"

"நரைச்சுது, எடுத்துட்டேன். இருபது வருஷம் ஆச்சுடா."

"ம். ஆபீஸ்ல என் மேஜை எங்க இருந்தது?"

"ஜன்னலோரம். என் மேஜை அது. நான் ரெண்டு நாள் லீவுல போனப்போ நீ நகர்த்திண்டுட்டே."

மாமா அவருடைய மணிக்கட்டைப் பிடித்து நாடி பார்த்தார். பிறகு கையை விட்டார். "இவன்தான். உயிரோடதான் இருக்கான்."

"ரொம்ப தேங்க்ஸ்" என்றார் செம்பூர்க்காரர். அப்போதுதான் என் கையில் இருந்த பையிலிருந்து மாலை எட்டிப் பார்ப்பதைக் கவனித்தார். "அது எனக்கா? வேண்டாம்ப்பா, இன்னும் கொஞ்ச நாள் போகட்டும்."

மருமகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினார். எனக்கும் சிரிப்பு வந்தது. அதோடு முடிந்துவிட்டது என்றுதான் நினைத்தேன். மாத்திரையை எடுக்கப் பைக்குள் கையை விட்டேன்.

மாமா முடிக்கவில்லை. தாளை எடுத்துப் பிரித்தார். "அப்போ கிளெய்ம் பொய். யார் குடுத்தது?"

"நான்தான் மாமா."

"உனக்கு யார் சொன்னா?"

"யாரும் சொல்லல மாமா."

"பின்ன ஏன் சொன்னே?"

"மாமி எங்கன்னு கேட்டீய. மாமி இங்க துக்கம் கேக்க..."

மாமா செம்பூர்க்காரரைக் கேட்டார்: "அவ இங்க வந்தாளா?"

செம்பூர்க்காரர் அக்காவைப் பார்த்தார். அக்கா தலையை ஒரு நூல் அளவு அசைத்தார், வேண்டாம் என்று. சாவு வீட்டில் ஒருவரை ஒருவர் இப்படிப் பார்த்துக்கொள்வதை முப்பது வருடம் பார்த்தவருக்கு அது போதாதா?

"அவளைப் பாக்காதே. என்னைப் பாரு" என்றார் மாமா. "செருப்பு வாசல்லயே இருக்கு. காபி நாக்குக்குப் பிடிபடல. தெனம் ஒரு ஊருக்குப் போறா, ஒருநாள்கூடத் திரும்பி வரல. இங்க துக்கம் இல்ல. பின்ன, துக்கம் எங்க?"

அக்கா என் தோளைப் பிடித்துக்கொண்டார். நான் மாமாவின் பின்னால் போய் வீல்சேரின் பிரேக்கைப் போட்டேன். எதற்கு என்று தெரியாது. கைக்கு ஒரு வேலை வேண்டியிருந்தது.

"போயிட்டாடா" என்றார் செம்பூர்க்காரர். "நாலு மாசம் ஆச்சு."

"நீ பாத்தியா?"

"வந்திருந்தேன். பாத்தேன்."

"மணி?"

"காலம்பற ஆறே கால்னு சொன்னா. தூக்கத்துல."

"கஷ்டப்பட்டாளா?"

"இல்லடா. நீதான் பக்கத்துல படுத்திருந்தே. நீதான் முதல்ல பாத்தே."

மாமா கையிலிருந்த தாளைப் பார்த்தார். "நான் இருந்தேனா?"

"இருந்தே."

"நான் அழுதேனா?"

"அழுதேடா."

"ஒழுங்கா அழுதேனா?"

"நன்னா அழுதே. உன்னைச் சமாதானப்படுத்தவே நாலு பேர் வேண்டியிருந்தது."

"சரி" என்றார் மாமா. கண்ணில் தண்ணீர் வந்தது. ஆனால் அக்கா பயந்த மாதிரி, அலறவில்லை. செய்ய வேண்டியதை விடாமல் செய்திருக்கிறோம் என்று தெரிந்த ஆள் மாதிரி அமைதியாக அழுதார். செம்பூர்க்காரர் அவருடைய கையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார்.

அலறியது அக்காதான். நாங்கள் யாரும் எதிர்பார்க்கவில்லை. சுவரில் சாய்ந்து, அப்படியே தரையில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளை மாதிரி வாய்விட்டு அழுதார். மாமா திரும்பிப் பார்த்தார்.

"நீ ஏன் இப்போ அழறே? அன்னிக்கு அழலையா?"

"உங்களப் பாத்துண்டதுல நேரமில்லப்பா."

"சரி, இப்போ அழு. நான் இங்கயே உக்காந்திருக்கேன்."

மருமகள் நாலு டம்ளரில் காபி கொண்டுவந்தார். மாமா கையை ஆட்டினார். "துக்க வீட்டுல காபி குடிக்கப்படாது."

"இது துக்க வீடு இல்லடா!" என்றார் செம்பூர்க்காரர். "இன்னும் எத்தனை தடவை நான் உயிரோட இருக்கேன்னு சொல்றது?"

அக்கா அழுதுகொண்டே சிரித்துவிட்டார். மாமா காபி குடித்தார். அந்தக் காபியோடு காபியாக நான் மாத்திரையையும் கொடுத்துவிட்டேன். பேனாவை அவரே கேட்டு வாங்கினார். பழைய தாளைக் கிழித்தார். புதுத் தாளில் எழுதினார், வாயால் சொல்லிக்கொண்டே: "போயிட்டா. ஆறே கால். தூக்கத்துல. கஷ்டப்படல. நான் பக்கத்துல இருந்தேன். நன்னா அழுதேன். சாட்சி உண்டு." செம்பூர்க்காரரிடம் நீட்டி அடியில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்.

திரும்பி வரும்போது டாக்ஸியில் மாமா தூங்கிவிட்டார். அக்கா முன்சீட்டிலிருந்து திரும்பாமலே, "அந்தப் படத்தை மாட்டிடலாம்" என்றார். நான், "நாளைக்கு நான் வரட்டுமாக்கா?" என்று கேட்டேன். "வராம? எட்டு மணிக்கு வாங்கோ. ஆனா யாரையும் கொல்லாதீங்கோ."

வீட்டுக்கு வந்து உங்கள் அம்மாவிடம் சொன்னேன். "உயிரோட இருக்க மனுசன் வீட்டுக்கு மாலையத் தூக்கிட்டுப் போனியளா? உங்கள வேலைக்கு வச்சிருக்கவிய பாவம்" என்றாள். பக்கத்து வீட்டுக்குப் போய் அதையே இன்னும் கொஞ்சம் கூட்டிச் சொல்லிவிட்டு வந்தாள்.

அந்தத் தாள் இன்றைக்கும் இருக்கிறது. பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறேன். தினமும் குளிப்பாட்டியதும் பழைய சட்டைப் பையிலிருந்து புதுச் சட்டைப் பைக்கு மாற்றுவதும் இப்போது என் வேலையில் ஒன்று. "அவ எங்கப்பா?" என்று கேட்பார். "பையில பாருங்க மாமா" என்பேன். எடுத்துப் படிப்பார். சில நாள் கண்ணைத் துடைத்துக்கொள்வார். சில நாள், "என் கையெழுத்துதான், சாட்சியும் இருக்கு" என்று சொல்லிவிட்டுக் காபி கேட்பார். ஒரு நாளும் சாப்பாட்டைத் தள்ளியதில்லை.

தம்பி, நீ கேட்டதற்கு இதுதான் என்னிடம் இருக்கிற பதில். அவரைக் காப்பாற்றுவதாக நினைத்துத்தான் பொய் சொன்னோம். அவர் அழுத அழுகையையும் சேர்த்து அவரிடமிருந்து ஒளித்துவிட்டோம் என்பது எனக்குத் தெரியவில்லை, அக்காவுக்கும் தெரியவில்லை. உன் பரீட்சைத் தாளை எடுத்துக்கொண்டு வா. மார்க் எவ்வளவாக இருந்தாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

இன்னும் ஒன்று இருக்கிறது. அதை உங்கள் அம்மாவிடம்கூட நான் சொல்லவில்லை.

அன்று செம்பூரிலிருந்து வந்ததும் மாமாவைப் படுக்க வைத்தேன். அக்கா தலைவலி என்று அறைக்குள் போய்விட்டார். சாயங்காலம் ஐந்து மணி இருக்கும். ஹாலில் நான் மட்டும். மாலை வீல்சேர் கைப்பிடியில் பையோடு தொங்கிக்கொண்டிருந்தது. கையைக் கழுவினேன். அலமாரி மேல்தட்டிலிருந்து பொட்டலத்தை எடுத்து டவலைப் பிரித்தேன். என் பொய்களில் எல்லாம் மாமி உயரமான, வேகமாக நடக்கிற அம்மாவாக இருந்தார். படத்தில் இருந்தவர் ரொம்பச் சின்ன உருவம். கண்ணாடி மூக்கில் கொஞ்சம் இறங்கியிருந்தது. டவலின் முனையால் தூசியைத் துடைத்துப் படத்தை ஆணியில் மாட்டினேன். ஆளுக்கென்று கட்டிய மாலை, படத்துக்கு மிக நீளம். கீழே சுவிட்ச் போர்டு வரை வந்தது. அதனால் இரண்டாக மடித்துப் போட்டேன். ஒரு பக்கம் ஏறி நின்றது. ஸ்டூல் மேல் ஏறி அதைச் சரி செய்துவிட்டு, வாசலுக்குப் போய் நீலச் செருப்பு இரண்டையும் எடுத்து, துடைத்து, அலமாரிக்குள் வைத்தேன்.